வாத்து எண்ணப் போன கணக்கப்பிள்ளை

உங்களுக்கு எத்தனை பறவைகளின் பெயர் தெரியும்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். என் ஸ்கோரை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஜனவரி வரைக்கும் எனக்குத் தெரிந்தவை மொத்தம் மூன்று. காக்கா, குருவி, கோழி. இதில் கோழியை மட்டும் கொஞ்சம் ஆழமாகத் தெரியும். சுக்காவாகவும் குழம்பாகவும்.

இப்படிப்பட்ட ஒருவனை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, பச்சைத் தண்ணீரில் குளிக்கவைத்து, குளத்தங்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, 'வாத்தை எண்ணு' என்றால் என்ன ஆகும்? அந்தக் கதைதான் இது.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டு பேங்க் அண்ணன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன பொழுதுபோக்கு வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"என்னவே, நாளைக்கு உமக்கு என்ன சோலி?"

"ஒரு கட்டுரை எழுதணும்ணே..."

"எழுதறதெல்லாம் ஒரு சோலியாவே! குளத்துக்குப் பறவை எண்ணப் போறோம். எண்ணுதுக்கு ஆள் இருக்கு. நோட்டுல எழுததுக்கு ஆள் இல்ல. நீரு பி.காம்.தானே? காலைல அஞ்சரைக்கு வேன்."

"அண்ணே, எனக்குப் பறவையைப் பத்தி ஒண்ணும்..."

உள்ளேயிருந்து என் தர்மபத்தினியின் குரல் வந்தது. "தாராளமா கூட்டிட்டுப் போங்கண்ணே. ஒரு நாளாச்சும் வீடு நிம்மதியா இருக்கட்டும்!"

இரண்டு ஓட்டு ஒரு பக்கம், ஒரு ஓட்டு மறுபக்கம். தீர்மானம் நிறைவேறியது.

உண்மையில் நான் தயங்கியதற்குக் காரணம் பறவை அல்ல. 'எண்ணி எழுது' என்ற வேலைதான். எண்ணுவது என்றாலே எனக்கு வயிற்றில் ஒரு சங்கடம். பதினோரு வருஷத்துச் சங்கடம். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது வேனில் ஏறுங்கள்.

* * *

வேன் கிளம்பிய இடம் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டு. திருநெல்வேலிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். குளத்தின் ஒரு பகுதியில் கட்டிய பஸ் ஸ்டாண்டு அது. நாகர்கோவில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் கொக்கு நின்றிருக்கும். பறவைப் பயணத்தை இதைவிடப் பொருத்தமான இடத்தில் தொடங்க முடியாது.

'கண்ணை உறுத்தாத கலர்ல சட்டை போடணும்' என்று பேங்க் அண்ணன் சொல்லியிருந்தாராம். எனக்கு அது காதில் விழவில்லை. மைத்துனன் கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் டீ-ஷர்ட்டில் போய் நின்றேன். எலுமிச்சம்பழ மஞ்சள். இருட்டிலும் தெரியும்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார். எழுபது வயசு. தலையில் குல்லா, கழுத்தில் பைனாகுலர், தோளில் துணிப்பை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆள்காட்டிப் பறவை ஒண்ணு இப்பமே வேன்ல ஏறிட்டு போலிருக்கே" என்றார். காலேஜ் பிள்ளைகள் நாலு பேரும் சிரித்தார்கள். அந்தப் பறவை மனுஷன் வருவதைப் பார்த்ததும் கத்தி ஊரைக் கூட்டிவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதனால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

இந்தக் கணக்கெடுப்பு ஏதோ நாலு பேர் பொழுதுபோகாமல் செய்கிற வேலை இல்லை. 1987-லிருந்து ஆசிய நாடுகளில் ஜனவரி மாதம் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். நம்ம தாமிரபரணிக் குளங்களுக்கென்று தனியாக 2011-ல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். பொங்கல் விடுமுறையில் அவரவர் ஊரில் பறவை எண்ணும் வழக்கமும் 2015-லிருந்து இருக்கிறது. சம்பளம் கிடையாது. சொந்தக் காசில் இட்லி.

என் கையில் ஒரு பேடும், அதில் செருகிய பேப்பரும், நூலில் கட்டிய பேனாவும் கொடுத்தார்கள். நூலில் கட்டிய பேனாவைப் பார்த்ததும் போஸ்ட் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

* * *

முதல் குளம் டவுன் நயினார்குளம். ஒரு கரையில் காய்கறி மார்க்கெட். லாரி ஹாரன், வாழைக்காய் ஏலம், மூட்டை தூக்குகிறவர்களின் சத்தம். மறுபக்கம் தண்ணீர். அதில் கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதந்தது.

"தேங்காய்ச் சிரட்டையை எல்லாம் குளத்துல போடுதானுவ பாருங்க" என்றேன் வருத்தமாக.

"அது வாத்து சார்" என்றாள் ஒரு காலேஜ் பெண்.

பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தேன். கும்மிருட்டு. இன்னும் சரியாக விடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்காக "அடடா, அடடா!" என்றேன். அந்தப் பெண் மெதுவாகக் கையை நீட்டி லென்ஸ் மூடியைக் கழற்றினாள். அப்புறம்தான் நிஜமாக 'அடடா' வந்தது.

சிரட்டைகளுக்கு முகம் இருந்தது. கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை போட்டிருந்தது ஒன்று. "அது நீலச்சிறகு வாத்து, ஆண்" என்றார் வாத்தியார். இன்னொன்றின் அலகு தோசைக் கரண்டி மாதிரி முன்பக்கம் அகலம். பெயரும் தட்டைவாயன்தான். தண்ணீரை வாயால் சல்லடை போட்டுச் சலித்துச் சாப்பிடுமாம். வால் ஊசியாக நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருந்தால் நாமக்கோழி. தமிழில் பறவைக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைப்பதில் மன்னர்களாக இருந்திருக்க வேண்டும். நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா... எங்கள் வகுப்பு அட்டெண்டன்ஸ் கேட்ட மாதிரியே இருந்தது.

எழுதுவதோடு நிற்காமல் எண்ணவும் ஆசை வந்தது. முக்குளிப்பான் என்று ஒரு குட்டிப் பறவை. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... மூன்றாவது முங்கிவிட்டது. நான்கு என்று எண்ணுவதற்குள் பத்தடி தள்ளி ஒன்று எழுந்தது. அது நான்கா, பழைய மூன்றா? கல்லூரியில் ஒரே ஆள் மூன்று பேருக்கு 'எஸ் சார்' சொல்வானே, அந்தக் கதைதான்.

"ஒண்ணு ஒண்ணா எண்ணினா பொங்கல் முடிஞ்சு தீபாவளி வந்துரும்" என்றார் வாத்தியார். "முதல்ல பத்து வாத்தைச் சரியா எண்ணு. பத்து எவ்வளவு இடத்தை அடைக்குன்னு கண்ணுல வாங்கிக்க. அப்புறம் அதே அளவை அடுத்தடுத்து வச்சிக்கிட்டே போ. கூட்டம் பெருசா இருந்தா ஐம்பது ஐம்பதா. ரெண்டு பேர் தனித்தனியா எண்ணணும். எண்ணி முடிக்க வரைக்கும் ஒருத்தர்ட்ட ஒருத்தர் சொல்லப்படாது."

ஸ்டாக் எடுக்கும் முறையேதான். பி.காம். இரண்டாம் வருஷ ஆடிட்டிங் பேப்பரில் இதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன். பாஸ் செய்ததோடு சரி.

டீ குடிக்கும்போது வாத்தியாரிடம் கேட்டேன். "சார், இதுகள்லாம் எங்கிருந்து வருது?"

"ரஷ்யா, கஜகஸ்தான் பக்கம். குளிர்காலத்துல அங்க ஏரியெல்லாம் ஐஸ் கட்டியாயிரும். சிலதுக்கு அரைக் கிலோகூடத் தேறாத உடம்பு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருது. இங்கே அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. அது வந்து சேருத நேரமும் நம்ம குளம் நெறையுத நேரமும் ஒண்ணு. மார்ச், ஏப்ரல்ல திரும்பிப் போயிரும்."

"வழி எப்படி சார் தெரியுது?"

"சூரியன், நட்சத்திரம், பூமியோட காந்தம்னு பலதையும் வச்சுப் போகுதுங்காங்க."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. செல்போனில் மேப் போட்டுக்கொண்டு தென்காசி போவதற்குள் இரண்டு தரம் ஆலங்குளம் சுற்றியவன் நான்.

* * *

அடுத்து கூந்தன்குளம். நாகர்கோவில் ரோட்டில் மூன்றடைப்பு வரை போய்த் திரும்ப வேண்டும். 1994-ல் சரணாலயமாக அறிவித்த இடம். 2021-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது.

இங்கே ஆச்சரியம் குளத்தில் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கிறது. ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றன. நாங்கள் போன நேரம் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக் கொடியில் துணி காய்ந்தது. மேலே நாரை. என்ன நடக்க வேண்டுமோ அது நடந்தது. வெள்ளை வேட்டியில் இன்னும் கொஞ்சம் வெள்ளை. அந்த வீட்டு ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேட்டியை எடுத்துத் திரும்ப வாளியில் போட்டார்.

"கோவம் வரலையா ஆச்சி?" என்றேன்.

"பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய யாராவது ஏசுவாகளா?" என்றார் ஆச்சி.

அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காக. யாரும் சட்டம் போட்டுச் செய்ததில்லை, ஊர் வழக்கமாகவே வந்தது. பதிலுக்குப் பறவை எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரம். கொடுக்கல் வாங்கல் சரியாக டேலி ஆகிறது.

ஒரு விஷயத்தை வாத்தியார் பிரித்துச் சொன்னார். கூழைக்கடாவும் நாரையும் நம்ம நாட்டுப் பறவைகள், இங்கேயே குஞ்சு பொரிப்பவை. வாத்துகள் வெளியூர் விருந்தாளிகள். வந்து சாப்பிடும், தூங்கும், போகும். கூடு கட்டாது. எனக்கு உடனே ஒரு சொந்தக்காரர் ஞாபகம் வந்தார். பெயர் வேண்டாம், அவரும் இந்தப் பத்திரிகை படிப்பவர்.

குளத்தின் நடுத்திட்டில் இருந்தது அன்றைய ஹீரோ. வரித்தலை வாத்து. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா பக்கத்துப் பறவை. இமயமலையைத் தாண்டி வருகிறது. கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் மூச்சு விடவே மனுஷன் திணறுவான். என் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. பால் பாக்கெட் வாங்கிவிட்டு ஏறினால் முதல் மாடியில் ஒரு ஹால்ட் உண்டு.

வரித்தலை வாத்துகளைத் தனித்தனியாக இரண்டு பேர் எண்ணினார்கள். ஒருவருக்கு 61, இன்னொருவருக்கு 63. மறுபடி எண்ணினார்கள். இருவருக்கும் 63. திட்டில் புல்லுக்குப் பின்னால் இரண்டு படுத்திருந்தன. அந்த இரண்டுக்காக இருபது நிமிஷம் வெயிலில் நின்றோம். 'அறுபது சொச்சம்னு போட்டா குடியா முழுகிரும்' என்று மனசுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை.

* * *

மூன்றாவது குளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் ஊரிலும் அது இருக்கிறது. அதனால் பெயர் அவசியமில்லை.

மணி மூன்றரை. புளியோதரை சாப்பிட்ட மயக்கம். கரையில் ஏறிப் பார்த்தோம். பாதிக் குளம் அமலைச்செடி மூடிப் பச்சைப் போர்வை மாதிரி கிடந்தது. ஒரு ஓரத்தில் இடித்த வீட்டுச் செங்கல்லும் சிமெண்டுக் கட்டியுமாகக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மேட்டுக்குப் பின்னால் வெள்ளையடித்த பிளாட் கல் வரிசை. தண்ணீர் இருந்தது. எருமை இருந்தது. எருமைக்குப் பக்கத்தில் உண்ணிக்கொக்கு நாலு இருந்தது.

வாத்து இல்லை.

"போன வருஷம் நீலச்சிறகு 180 போட்டிருக்கு" என்றான் ஒரு காலேஜ் பையன், பழைய பேப்பரைப் பார்த்து. பாவம், அவனுக்கும் தூக்கம். "எங்கயாவது செடிக்குள்ள இருக்கும் சார். ஒரு 150 போட்டுருங்க. ரவுண்டா இருக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெயில், களைப்பு. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? பேனாவை எடுத்தேன். 1 போட்டேன். 5 போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

சொல்கிறேன் என்றேனே, அந்தச் சங்கடம். அதை இங்கேதான் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. முதல் வேலை. மின்சாரச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். மார்ச் 31 ராத்திரி, வருஷக் கடைசி ஸ்டாக் எடுக்க வேண்டும். கிட்டங்கியில் ஒயர் சுருள்கள், மேல் அடுக்கு வரை. ஏணி வைத்து ஏறி எண்ண வேண்டும். ஒரே தூசி, ஒரே புழுக்கம். நான் கிட்டங்கி வாசல்வரை போனேன். ஒரு பார்வை பார்த்தேன். புத்தகத்தில் 640 என்று இருந்தது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் ஏப்ரல் 1. கடையில் பல வருஷமாக இருந்த ஒரு அண்ணாச்சி கிட்டங்கிப் பொறுப்புக்கு வந்தார். சாவி வாங்கும்போது, "தம்பி, ஒரு தரம் சேந்து எண்ணிருவோமா?" என்றார். "நேத்துத்தானே அண்ணாச்சி எண்ணினேன்" என்றேன். என் பேப்பரை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் ஆடிட்டர் ஆள் வந்து எண்ணினான். 56 சுருள் குறைந்தது. அவை எப்போது போயின? மார்ச் 31 வரை சரியாக இருந்தது என்று என் கையெழுத்து சொல்கிறது. அப்படியானால் அதற்குப் பிறகுதான். அப்படியானால் அண்ணாச்சிதான். முதலாளி அறையில் எல்லோர் முன்னாலும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்க எண்ணித்தானே எழுதினிய?"

"ஆமா அண்ணாச்சி."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரே ஒரு 'ஆமா'. வரவேண்டிய பணத்தில் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். ஆறு மாசத்தில் நானும் வேலையை விட்டேன். 'எழுத்தில் ஆர்வம், அதனால் ராஜினாமா' என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அண்ணாச்சி பாளையங்கோட்டையிலேயே ஒரு பெட்டிக்கடை வைத்தார். மார்க்கெட்டுக்கு அந்தத் தெரு வழியே போனால் ஐந்து நிமிஷம். பதினோரு வருஷமாக நான் பதினைந்து நிமிஷம் சுற்றிப் போகிறேன்.

* * *

"சார்" என்றேன் வாத்தியாரிடம். "இதுல என்ன எழுத?"

"என்ன பாத்தியோ அதை எழுது."

"ஒண்ணும் பாக்கலையே சார்."

"அப்பம் பூஜ்யம்னு எழுது. பூஜ்யமும் ஒரு எண்ணிக்கைதான்."

பையன் மெதுவாகச் சொன்னான். "பூஜ்யம் போட்டா நாம சரியா வேலை பாக்கலைன்னு நினைப்பாங்க சார்."

வாத்தியார் கோபப்படவில்லை. கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "தம்பி, வாத்து இல்லாததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நல்ல மழை பெஞ்ச வருஷம் எல்லாக் குளத்துலயும் தண்ணி நிக்கும். பறவை பிரிஞ்சி போயிரும். இந்த வாத்துக முங்கி மேயாது. தலையை மட்டும் தண்ணிக்குள்ள விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி மேயும். ஆழம் கூடினா அதுக்கு எட்டாது. செடி மூடினாலும் இறங்காது. ஒரு வருஷப் பூஜ்யத்தை வச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாது. ஆனா அந்தப் பூஜ்யத்தை எழுதி வைக்கணும். இன்னைக்கு நீ 150-ன்னு எழுதிட்டேன்னு வையி. அடுத்த வருஷம் உனக்குப் பதிலா வாரவன் உண்மையா எண்ணிப் பூஜ்யம்னு எழுதுவான். 'போன வருஷம் 150 இருந்துதே, உனக்கு எண்ணத் தெரியலை'ன்னு அவனைத்தான் சொல்லுவாங்க. எப்பம் போச்சு, எதுனால போச்சுன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்கவே முடியாது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாத்தைப் பற்றித்தான் பேசினார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. '15'-ஐ அடித்தேன். பக்கத்தில் 0 போட்டேன்.

"இரு, இரு" என்றார். "அதுக்குள்ள எழுதிட்டியா? பூஜ்யம்னா இன்னும் நல்லா எண்ணணும். முழுக் கரையும் நடந்து பாத்தாத்தான் பூஜ்யம். இங்க நின்னு பாத்தா அது சோம்பேறித்தனம்."

நடந்தோம். ஒரு மணி நேரம். முள், சேறு, கண்ணாடிச் சில்லு. மடைக்குப் பக்கத்தில் என் கால் வழுக்கி, மஞ்சள் டீ-ஷர்ட்டோடு முழங்கை வரை சேற்றில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து ஒரு ஆள்காட்டி 'டிட்-யூ-டூ-இட்... டிட்-யூ-டூ-இட்' என்று கத்திக்கொண்டு பறந்தது. நிஜமாகவே அந்தப் பறவையின் சத்தம் இங்கிலீஷ்காரன் காதில் 'நீதான் செய்தாயா' என்று விழுந்திருக்கிறது. 'ஆமா' என்றேன் மனசுக்குள்.

செடிக்குள்ளும் பார்த்தாயிற்று, மேட்டுக்குப் பின்னாலும் பார்த்தாயிற்று. நீலச்சிறகு வாத்து: 0. ஆள்காட்டி: 1. அதை எழுதி, நேரம் குறித்து, அமலைச்செடி, கட்டிடக் குப்பை என்று குறிப்பும் போட்டுக் கையெழுத்திட்டேன். என் வாழ்க்கையில் நான் எண்ணிப் போட்ட கையெழுத்து அது.

* * *

வேன் பாளையங்கோட்டையில் இறக்கிவிடும்போது மணி ஏழு. வீட்டுக்குச் சுற்றுவழி, நேர்வழி இரண்டும் இருக்கிறது. நேர்வழியில் போனேன்.

பெட்டிக்கடையில் அண்ணாச்சி வெற்றிலையை ஈரத்துணியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தால் ஒருவேளை சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் எண்ணலை."

அவர் வெற்றிலை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி மேல் அடுக்குல ஏறினேன். தூசி ஒரு வெரக்கடை நின்னுது. ஒருத்தன் கையும் பட்ட மாதிரி இல்ல. எண்ணினவன்னா தூசி கலைஞ்சிருக்கும்லா."

"அப்பம் ஏன் சொல்லலை?"

"சொன்னா? காயிதத்துல உங்க கையெழுத்து இருக்கு. தூசிக்குக் கையெழுத்தா இருக்கு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுத்தில் நூறு தரம் பயன்படுத்தியிருக்கிறேன். வாயில் வரவில்லை. முதலாளியிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். "அவரு போயி நாலு வருஷம் ஆச்சு, யாருட்ட சொல்லுவிய?" என்றார். பிறகு, "வீட்டுல எம் பொண்டாட்டி இருக்கா. அவட்ட வந்து சொல்லுங்க. அவ இன்னைக்கு வரைக்கும் பாதி நம்புதா, பாதி நம்பல" என்றார்.

போனேன். அங்கே நடந்ததை எழுதப்போவதில்லை. அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். கொடுத்திருந்தால்தான் கஷ்டமாக இருந்திருக்கும்.

வாசல்வரை வந்த அண்ணாச்சி தெருவிளக்கு வெளிச்சத்தில் என் டீ-ஷர்ட்டைப் பார்த்தார். மஞ்சள் எது, சேறு எது என்று தெரியாத நிலைமை.

"எங்க போயிட்டு வாறிய?"

குளம், வாத்து, பத்து பத்தாக எண்ணுவது, 150, பூஜ்யம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "சரிதான், சட்டையப் பாத்தாலே தெரியுது. இன்னைக்கு எண்ணியிருக்கிய" என்றார்.

வருகிற ஜனவரிக் கணக்கெடுப்புக்கு எங்கள் வேனில் ஒரு சீட் கூடுதல். கிட்டங்கியில் முப்பது வருஷம் மூட்டை எண்ணிய கண். வாத்தியாருக்கே சவாலாக இருக்கும் என்று பேங்க் அண்ணன் சொல்கிறார். அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்.

அவர் எண்ணியதும் நான் எழுத வேண்டும். நான் எழுதியதும் அவர் ஒரு தரம் சரிபார்ப்பார்.